மஞ்சூரில் வெயில் காயும் மகனுக்கு

மகனே,

உறையின் பின்பக்கத்தில் அனுப்பியவர் பெயரைப் படித்ததும் உனக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கும். செத்துப் பதினெட்டு வருடமான உன் தாயின் பெயர் அங்கே இருக்கிறது. பயப்படாதே, மேலுலகத்தில் இன்னும் தபால் பெட்டி வைக்கவில்லை. எழுதுவது நான்தான்; பெங்களூர் ஜோகுபாளையத்தில், சித்தி வீட்டு மாடிப்படியில், பி.யு.சி. இரண்டாம் வருடப் புத்தகத்தை மடியில் மேசையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் உன் மகள். உன் தாய் போய் இரண்டு மாதத்தில் நான் பிறந்தேன் என்று அவள் பெயரை அப்படியே எனக்கு வைத்தாய். வைத்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது. பெற்றவள் பெயரைச் சொல்லி 'வாடி, போடி' என்று கூப்பிட உனக்கு வாய் வரவில்லை. மாமியார் பெயரைச் சொல்ல அம்மாவுக்கும் வரவில்லை. அவள் என்னைப் 'பாப்பா' என்றாள். நீ 'அம்மா' என்றாய். அந்தப் பெயரை முழுசாகச் சொல்லி என்னைக் கூப்பிட்டது பள்ளிக்கூட வருகைப் பதிவேடு மட்டும்தான். ஏழு வயதில் ஒருநாள் நீ வேலையிலிருந்து வந்து வாசலில் நின்று, தண்ணீர் கொண்டுவரச் சொல்லி 'அம்மா' என்று கூப்பிட்டபோது, நான் செம்போடு வந்து, "இந்தா மகனே, குடி" என்றேன். அம்மா கரண்டியோடு சமையலறையிலிருந்து பாய்ந்து வந்தாள். நீ புரையேறும்வரை சிரித்தாய். உன் புரைதான் அன்றைக்கு என் முதுகைக் காப்பாற்றியது. அன்றிலிருந்து உன் தாய் பதவி எனக்கு நிரந்தரமாகிவிட்டது. சம்பளம் கிடையாது, விடுப்பும் கிடையாது.

அந்தப் பதவியை இதுவரை விளையாட்டுக்குத்தான் வைத்திருந்தேன். இன்று முதல்முறையாக அதை வைத்து ஒன்று சொல்லப் போகிறேன். தேயிலைத் தொழிற்சாலையில் நீ கொடுத்திருக்கும் ராஜினாமாக் கடிதத்தை மாதக் கடைசிக்குள் மேனேஜரிடமிருந்து திருப்பி வாங்கிவிடு. ஏன் என்று இதிலேயே சொல்கிறேன், ஆனால் இப்போது இல்லை. ஒரு தாய் எடுத்த எடுப்பில் விஷயத்தைச் சொல்லி முடித்துவிட்டால் அது கடிதம் இல்லை, தந்தி. முதலில் தாய்க்குரிய மற்ற கடமைகளை முடித்துக்கொள்கிறேன். குரங்குக் குல்லாவைக் காது மூடும்படி போடு. உனக்கு அது பொருந்தும். அறைக்குள் கரி அடுப்பு வைத்தால் ஜன்னலைக் கொஞ்சமாவது திறந்து வை, மறக்காதே. இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து வெறும் வயிற்றில் டீ குடிக்காதே. தொழிற்சாலையில் டீ இலவசம் என்பதற்காகக் குடலும் இலவசமாக வந்தது இல்லை. அந்த ஊரில் குளிர் என்ற சொல்லுக்குள்ளேயே 'குளி' இருக்கிறது என்று நான் வந்தபோது சொன்னேன். அதை நீ சட்டை செய்யவில்லை, சட்டையைக் கழற்றவும் இல்லை. வாரத்துக்கு மூன்று நாளாவது குளி.

நீ மஞ்சூருக்குப் போன கதை உனக்குத் தெரியும். ஆனால் அதை வெளியிலிருந்து பார்த்தவள் நான், எனவே கேள். போன வருடத்துக்கு முந்தின ஆடியில் அம்மா போனாள். மஞ்சள் காமாலை, பதினொரு நாள். எனக்கு அழுகை வரவில்லை. வரும் வரும் என்று கைக்குட்டையோடு காத்திருந்தேன், பஸ் நிற்காத ஸ்டாப்பில் நிற்பது மாதிரி. வந்தவர்கள் எல்லாம் என் முகத்தைப் பார்த்து, பாவம் குழந்தைக்கு இன்னும் உறைக்கவில்லை என்றார்கள். உறைக்கவில்லை என்பது சரி. உறைந்துவிட்டது என்பது எனக்கே அப்போது தெரியவில்லை. நீ வேறு மாதிரி. சாப்பிடு என்றால் சாப்பிட்டாய். படு என்றால் படுத்தாய். எழுந்திரு என்று சொல்ல மறந்தால் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாய். பக்கத்து வீட்டுக்காரர்கள் உன்னைத் தைரியசாலி என்று பேசிக்கொண்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு காலையில் உன் செருப்பில் வலது காலை ஒளித்துவிட்டு, பழைய ஜோடியிலிருந்து இன்னொரு இடது காலை எடுத்து வைத்தேன். நீ இரண்டு இடது காலோடு அல்சூர் மார்க்கெட் வரைக்கும் நடந்து போய்க் கீரை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தாய். கால் வலிக்கவில்லையா என்று கேட்டேன். "வலிக்குது போல" என்றாய். குனிந்துகூடப் பார்க்கவில்லை. என் பதினேழு வருடத் தொழில் வாழ்க்கையில் அப்படி ஒரு தோல்வியை நான் கண்டதில்லை. அன்றோடு உன்மேல் எந்தக் குறும்பும் செய்வதில்லை என்று நிறுத்திக்கொண்டேன்.

பிறகு பொங்கல் கழிந்து பீன்யா தொழிற்பேட்டையில் நீ வேலை பார்த்த ஷெட்டையும் மூடினார்கள். பத்தொன்பது வருடம் லேத்தின் முன்னால் நின்றவனுக்குக் கையில் ஒரு கடிதாசைக் கொடுத்து அனுப்பினார்கள். அதற்கும் உன் முகம் மாறவில்லை. ஐந்து மாதம் கழித்து உன் பழைய சூப்பர்வைசருக்குத் தெரிந்த யாரோ, நீலகிரியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்கு லேத் தெரிந்த ஆள் வேண்டும் என்று சொன்னார்கள். இலையை அரைக்கும் உருளைகளில் பல் பல்லாக இருக்குமாம், அது மழுங்கினால் தீட்ட வேண்டுமாம். தேயிலைக்குப் பல் வைத்தியம். தேயிலைக்குப் போகிறவர் தேய்ந்துதான் வருவார் என்று சித்தி தடுத்தாள். சித்தப்பா, கன்னடத்தில் மஞ்சு என்றால் பனி, பனி என்றே பேர் வைத்த ஊருக்கு நெஞ்சுச் சளிக்காரன் போவானா என்றார். நீ பெட்டியைக் கட்டினாய். என்னைச் சித்தி வீட்டில் விட்டாய். மெஜஸ்டிக்கில் பஸ் ஏறும்போது நீ கையசைத்தாயா என்று எனக்கு நினைவில்லை. நான் அசைக்கவில்லை. அசைக்க வேண்டும் என்பது பஸ் போன பிறகுதான் தோன்றியது.

மஞ்சூரிலிருந்து நீ எழுதிய கடிதங்களைக் கடிதங்கள் என்று சொன்னால் தபால்காரருக்கே அவமானம். நலம், நலமறிய ஆவல், மழை, இன்னும் மழை. கார்த்திகையில் வந்த ஒன்றில் மட்டும் அடியில் ஒரு வரி அதிகமாக இருந்தது: 'இன்று எனக்கு இடம் கிடைத்தது.' பஸ்ஸில் இடம் கிடைத்ததைக்கூட எழுதும் அளவுக்கு மனிதனுக்கு விஷயப் பஞ்சம் என்று நினைத்தேன். மார்கழியில் காலேஜுக்குப் பத்து நாள் லீவு விட்டபோது நான் கிளம்பி வந்தேன், அப்போதுதான் தெரிந்தது. உங்கள் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அந்தக் கல் சுவர் இருக்கிறதே, காலையில் வெயில் முதலில் விழும் இடம். ஊரில் வேலை இல்லாதவர்கள், இரவு வேலை முடித்தவர்கள், வேலை இருந்தும் போகாதவர்கள் எல்லாரும் அங்கே வரிசையாக உட்கார்ந்து வெயில் காய்கிறார்கள். யாரும் அதிகம் பேசுவதில்லை. வெயில் நகர நகர எல்லாரும் ஓர் ஆள் அகலம் நகர்கிறார்கள், சிரிப்புச் சத்தம் இல்லாத ஒரு விளையாட்டு மாதிரி. புதிதாக வந்தவனுக்கு நிழல்தான். நான்கு மாதம் நீ நிழலில் நின்றிருக்கிறாய். பிறகு ஒருநாள், தொழிற்சாலையில் இலை உலர்த்தும் உலைக்கு விறகு போடுகிற போஜன், தன் குடையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "பெங்களூரு, உக்காரு" என்றாராம். அதைத்தான் இடம் கிடைத்தது என்று எழுதியிருக்கிறாய். எனக்கு நீ இதைச் சொன்னபோது நாம் இருவரும் அந்தச் சுவரில்தான் இருந்தோம். நீ வெயிலுக்குக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாய். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு உன் தோள் இரண்டும் இறங்கியிருந்ததை நான் பார்த்தேன்.

மகனே, நான் பட்டணத்துப் பெண், குளிர்கால சுகம் என்றால் சித்தி வீட்டில் அவரைக்காய் மலிவாகக் கிடைப்பது என்று நினைத்திருந்தவள். உன் ஊரில்தான் அது என்ன என்று பார்த்தேன். காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழாது. அதை அடுப்போரம் வைத்து அது மனசு மாறும்வரை தலைவிரி கோலமாகக் காத்திருப்பது ஒரு சுகம். மூன்று கம்பளியின் கனத்தில் புரள முடியாமல் கிடப்பது ஒரு சுகம். யாரோ மேலே கை போட்டுக்கொண்டு படுத்திருப்பது மாதிரி இருக்கும். பேக்கரிக் கதவைத் திறந்தால் நமக்கு முன்னால் மேகம் உள்ளே போய் வர்க்கி பிஸ்கட் பெட்டி அருகே நிற்கும். சாயங்காலம் போஜன் உலைச் சாம்பலுக்குள் உருளைக்கிழங்கைப் புதைத்து வைப்பார். அதை இந்தக் கைக்கும் அந்தக் கைக்குமாக மாற்றி மாற்றித் தோலுரித்து, உப்பைத் தொட்டுத் தின்றோம். நீ எனக்கு முன்னால் தின்றாய். யாரும் உன்னைச் சாப்பிடு என்று சொல்லவில்லை. நான் அதைக் கவனித்தேன். தாய்கள் இதைத்தான் முதலில் கவனிப்பார்கள்.

இரண்டாவது வாரம் கடும் உறைபனி விழுந்த காலையில், போஜனின் சின்னத் தோட்டத்துக்கு என்னையும் அழைத்துப் போனாய். பள்ளத்தில் தேயிலைச் செடி எல்லாம் உப்பு தூவினாற்போல வெள்ளையாக இருந்தது. வெயில் வருவதற்குள் செடிகள்மேல் தண்ணீர் தெளித்து முடிக்க வேண்டும். உறைபனிமேல் நேராக வெயில் பட்டால் இலை கருகிவிடும் என்று நீ எனக்கு விளக்கினாய், ஏதோ நீயே கண்டுபிடித்த மாதிரி. பத்து நிமிடத்தில் என் விரல்கள் எனக்குச் சொந்தமில்லாமல் போயின. வாளியைப் பிடித்திருக்கிறேனா விட்டுவிட்டேனா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. சுற்றிலும் பார்த்தேன். உனக்கும் அப்படித்தான், போஜனுக்கும் அப்படித்தான், அவர் வீட்டம்மாவுக்கும் அப்படித்தான். எல்லாரும் கையை உதறிக்கொண்டு, பேச்சு குழற, அவரவர் வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள். அப்போது எனக்கு ஏற்பட்டதை ஆறுதல் என்றுதான் சொல்ல வேண்டும். பெங்களூரில் நான் ஒருத்தி மட்டும் விறைத்துப் போயிருந்தேன், அதை மறைப்பதற்காக ஓயாமல் கேலி பேசிக்கொண்டிருந்தேன். அங்கே ஊரே விறைத்திருந்தது. யாரும் யாரையும் உனக்கு என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. பிறகு சூடான டீக் கிளாஸைப் பிடித்தபோது விரலுக்கு உயிர் வந்தது. உயிர் வரும்போதுதான் வலித்தது.

அதற்கு அடுத்த நாள்தான் பனியன் விவகாரம். முதல் நாள் மாலை உன் பனியனைத் துவைத்து வெளியே கொடியில் போட்டேன். விடிந்து பார்த்தால் அப்பளம் மாதிரி விறைத்து நின்றது. பனியன் என்று அதற்குப் பேர் வைத்தவன் உன் ஊருக்கு வந்திருப்பான். விடுவேனா? அதை அப்படியே தூக்கி வந்து நாற்காலியில் உட்காரவைத்து, தலைக்கு ஒரு சொம்பைக் கவிழ்த்து, குல்லாவும் மஃப்ளரும் போட்டு, கதவுக்கு நேரே திருப்பி வைத்தேன். உன்மேல் நிறுத்தியிருந்த தொழிலை மறுபடி ஆரம்பித்தது அன்றுதான். நீ ஏழு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து வந்தாய். வாசலிலேயே நின்றாய். உன் குல்லாவைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, "வாங்க சார், எப்ப வந்தீங்க? வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்றாய். மூன்று டீ போட்டாய். ஒன்றை அவர் முன்னால் வைத்தாய். பீன்யாவில் வேலை போனதையும், இங்கே பல் வைத்தியம் செய்வதையும் அவரிடம் மரியாதையாக விவரித்தாய். ஜன்னல் வழியே வெயில் வந்ததும் சாரின் தோள் மெல்லச் சரிந்தது, பிறகு இடுப்பு, பிறகு அவர் முழுவதுமாக மடங்கிச் சொம்பு உருண்டது. "பாவம், ராத்திரி பூரா பிரயாணம்" என்றாய். அப்புறம் நீ சிரித்தாய். புரையேறிற்று. ஒன்றரை வருடமாக நான் கேட்காத சிரிப்பு அது.

என் சிரிப்பு மட்டும் வரவில்லை, மகனே. வாயை அந்த வடிவத்துக்குக் கொண்டுவந்து வைத்தேன். நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை ஒரு முறை பார்த்தாய். பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் சாரின் டீயையும் எடுத்துக் குடித்தாய். கேட்டிருக்கலாமோ என்று நீ நினைத்திருப்பாய். கேட்டிருந்தாலும் நான் ஏதாவது கடி ஜோக் சொல்லியிருப்பேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தாய்களும் தப்பு செய்வார்கள், கொஞ்சம் பெரிய அளவில். சித்தி உனக்கு அனுப்பும் கடிதங்களை எழுதுவது யார் என்று உனக்குத் தெரியும். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொல்வாள், நான் எழுதுவேன், அவள் படித்துப் பார்க்கமாட்டாள். நான் ஊரிலிருந்து திரும்பிய மறுவாரம் அவள் சொன்னது இவ்வளவுதான்: எல்லாரும் சௌக்கியம், சித்தப்பாவுக்கு முழங்கால் வலி, வரும்போது நல்ல டீத்தூள் கொண்டுவாருங்கள். பாதிப் பக்கம் காலியாக இருந்தது. காலியிடத்தைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. உன்னைச் சிரிக்கவைக்க, சித்தி சொல்வது மாதிரியே, ஊரிலேயே பெரிய பொய்யை எழுதுவோம் என்று எழுதினேன். பாப்பா ரொம்ப மாறிவிட்டாள். யாரையும் கேலி செய்வதில்லை. எதிர்த்துப் பேசுவதில்லை. கொடுத்ததைச் சாப்பிடுகிறாள், சொன்ன இடத்தில் உட்காருகிறாள். இத்தனை அடக்கமான பெண்ணை ஜோகுபாளையமே பார்த்ததில்லை. இதைப் படித்து நீ சுவரிலிருந்து விழுந்து சிரிப்பாய், போஜன் பிடித்துக்கொள்வார் என்று நினைத்தபடி உறையை ஒட்டினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் எஸ்.டி.டி. பூத்தில் உன் போனுக்காகக் காத்திருந்தேன். நான் எடுத்ததுமே ராஜினாமா கொடுத்துவிட்டதாகச் சொன்னாய், மாதக் கடைசியில் வந்துவிடுவதாகச் சொன்னாய். ஏன் என்று கேட்டேன். "சித்தி எழுதியிருந்தாம்மா. குடுத்தத திங்கறியாம். சொன்ன எடத்துல உக்காருறியாம். ஊருக்கு அது நல்ல சேதி. எனக்குத் தெரியும்மா அது என்னன்னு. நான் அங்கதான் ஒரு வருசம் இருந்தேன்" என்றாய். பிறகு லைன் போய்விட்டது. அது சித்தி எழுதியது இல்லை, நான் எழுதியது என்று சொல்ல எனக்கு நேரம் இருந்ததா என்றால், இருந்தது. மூன்று நொடி இருந்தது. சொல்லவில்லை. நீ வந்துவிடுவாய் என்ற சந்தோஷத்தில் சொல்லவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் சந்தோஷம் எதுவும் வரவில்லை. ரிசீவரை வைத்துவிட்டு, பூத்துக்காரர் போகச் சொல்லும்வரை அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வரும் வழியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். உன் ஊரிலிருந்து திரும்பி வந்து மூன்று வாரம். காலேஜில் ஒருவர் நாற்காலியிலும் சாக்பீஸ் தடவவில்லை. சித்தப்பாவின் கண்ணாடியை ஒளித்துவைக்கவில்லை. என் தோழிகள் நான் ஏதோ பெரிதாகத் திட்டம் போடுகிறேன் என்று பயந்து விலகி உட்கார்ந்திருக்கிறார்கள். சித்தி தட்டில் வைத்ததைச் சாப்பிட்டிருக்கிறேன், என்ன குழம்பு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. உன்னை ஏமாற்ற எழுதிய பொய்யில் ஒரு வரிகூடப் பொய்யில்லை. நீதான் ஏமாறவில்லை. என் வாழ்நாளில் நான் சொன்ன ஒரே உண்மையை நான் குறும்பு என்று நினைத்து எழுதியிருக்கிறேன்.

மூன்று நாள் யோசித்துவிட்டு நேற்று சித்தியிடம் சொன்னேன். அவள் ஊறவைத்த அவரைக்கொட்டையைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். அடிப்பாள் என்று எதிர்பார்த்து ஓர் ஆள் தூரத்தில் நின்று சொன்னேன். அவள் கை நிற்கவில்லை. தோல் ஒரு பக்கம், பருப்பு ஒரு பக்கம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீ எழுதனது பொய்யின்னா நெனைச்சிக்கினு இருந்த? நானும் பாத்துக்கினுதான் கீறேன்" என்றாள். பார்த்துக்கொண்டிருந்தவள் ஏன் கேட்கவில்லை என்றேன். கேட்டால் நான் தமாஷ் பண்ணிவிட்டு ஓடிவிடுவேனாம், அதனால் நானாக வரும்வரை தினம் என் பக்கத்தில் படுத்தாளாம். அது உண்மைதான். மூன்று வாரமாக அவள் கூடத்தில் என் பாயை ஒட்டித்தான் படுக்கிறாள். சித்தப்பாவின் குறட்டைக்குப் பயந்து வருகிறாள் என்று நினைத்திருந்தேன். அப்புறம் அவள் பாதித் தட்டை என் பக்கம் தள்ளினாள். நானும் பிதுக்க ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "மாமா அங்க நல்லாக்கிறாரு இல்ல? அப்ப அங்கியே இருக்கட்டும். ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கினு இன்னா பண்ணுவீங்க?" என்றாள்.

அவள் சொன்னது சரி, மகனே. நீ இங்கே வந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். வேலை தேடிப் பொம்மனஹள்ளிக்கும் பீன்யாவுக்கும் அலைவாய். சாயங்காலம் வந்து என்னைச் சாப்பிடு என்பாய், நான் சாப்பிடுவேன். உன்னை நான் படு என்பேன், நீ படுப்பாய். இரண்டு பேரும் நல்ல பிள்ளைகளாக இருந்தே வீணாய்ப் போவோம். உனக்கு உணர்வு திரும்பியிருக்கிறது. அது எத்தனை மாதம், எத்தனை டீ, எத்தனை உருளைக்கிழங்கு, எவ்வளவு வெயில் பிடித்தது என்று நான் பார்த்தேன். என்னைக் காப்பாற்ற நீ அதை விட்டுவிட்டு ஓடிவந்தால் எனக்கு இன்னும் ஒரு பாரம்தான் கூடும். எனக்கு எப்போது திரும்பும் என்று தெரியாது. தேர்வு முடிந்ததும் சித்திரையில் நான் அங்கே வருகிறேன், இரண்டு மாதம் இருக்கிறேன். அதற்கு நீ அங்கே இருக்க வேண்டும். விருந்தாளி வரும்போது வீட்டுக்காரன் காலி செய்துவிட்டுப் போயிருந்தால் அது எந்த ஊர் மரியாதை?

ஆகவே மேனேஜரிடம் போ. வெட்கப்படாதே. என் தாய் திட்டுகிறாள் என்று சொல். அந்த மனிதர் நான் வந்திருந்தபோது என்னிடம், உன் கை பட்ட உருளையில் அரைத்த தூள் தனியாகத் தெரிகிறது என்று சொன்னார். உன்னிடம் சொன்னால் சம்பள உயர்வு கேட்பாய் என்று சொல்லியிருக்கமாட்டார். அவர் கடிதத்தைக் கிழித்துப் போட ஆவலாகத்தான் இருப்பார். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. நான் எப்படி இருக்கிறேன் என்று கேள். இந்தத் தடவை ஜோக் சொல்லமாட்டேன். ஒன்றுமில்லை என்றும் சொல்லமாட்டேன். அப்படியே இருக்கிறேன் என்றால் அப்படியே இருக்கிறேன் என்று சொல்கிறேன். நீ வைத்துவிடாமல் கேட்டுக்கொண்டிரு, அது போதும்.

இதுவரை எழுதியதைச் சித்திக்குப் படித்துக் காட்டினேன். குல்லா, குரங்கு, குளியல் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இதையும் நீதானே எழுதியிருக்கிறாய், மாமா இதை எப்படி நம்புவார் என்றாள். பிறகு பேனாவைக் கொடு என்றாள். நாலாம் வகுப்போடு நின்றவள், ரேஷன் கார்டில் கையெழுத்து தவிர வேறெதுவும் எழுதி நான் பார்த்ததில்லை. முக்கால் மணி நேரம் ஆயிற்று. கீழே இருப்பது அதுதான். ஓர் எழுத்தையும் நான் திருத்தவில்லை. யார் கையெழுத்தையும் என்னால் போட முடியும் என்று உனக்குச் சந்தேகம் வரும். தாளைத் திருப்பிப் பின்பக்கம் விரலால் தடவிப் பார். இவ்வளவு அழுத்தி எழுத எனக்கு வராது.

மாமா இது நா எளுதுரது. பாப்பா சிரிகல. அளுவல. சாப்டுரா. நா கூடவே கீரேன். நீங்க வேலய உடாதிங்க.